பூனை ஏன் தள்ளாடுகிறது?

விழும்போது பூனை பெரும்பாலும் காலூன்றியே தரையிறங்கும் என்பது நாம் அறிந்ததே. பிரெஞ்சு அறிஞர் மாரே 1894-இல் இதனைத் தொடர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். அத்தகைய பூனை ஒரு நாள் தலையைச் சாய்த்து, வட்டமிட்டு நடந்து, ஒரே பக்கமாக விழுந்தால்? எங்கள் ஊரில் "வெறி பிடித்துவிட்டது" என்று சாக்கில் கட்டி ஏரிக்கு அப்பால் விட்டுவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் வகுப்பில் கற்றதை ஊரில் சொல்லி வருகிறேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

செவி கேட்பதற்கு மட்டும் உரிய உறுப்பன்று. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நிணநீர் சற்றே பின்தங்கி, உணர்வு மயிர்களை வளைக்கிறது. அச்செய்தி எட்டாம் கபால நரம்பின் வழியே மூளையை அடைகிறது. தலை அசையாதபோதும் இரு செவிகளும் சம அளவில் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். நோயால் ஒன்று குன்றினால், தலை சுழல்வதாக மூளை கருதிவிடுகிறது. தலை பெரும்பாலும் நோயுற்ற பக்கம் சாய்கிறது, கண்விழிகள் துடிக்கின்றன.

நோய் எப்படி உள்ளே போகிறது? மிகச் சிறிய காது உண்ணிகள் புறச்செவியைப் புண்ணாக்க, கிருமிகள் பெருகிச் செவிப்பறையைக் கடக்கலாம். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல் வழியாகவும் அவை ஏறலாம். காதைச் சொறிதல், தலையை உதறுதல், காதினுள் காப்பிப்பொடி போன்ற கரிய அழுக்கு ஆகியவை முன்னறிவிப்புகள்.

அந்நிலையில் காதில் எண்ணெய் ஊற்றக் கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்ளே இறங்கித் தீங்கு செய்யும். பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. கால்நடை மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பல வாரங்கள் விடாமல் கொடுக்க வேண்டும். குணமான பின்னும் தலை சற்றே சாய்ந்திருக்கலாம். ஆனால் கண்ணையும் காலையும் துணைகொண்டு பூனை நன்றாகவே நடமாடும்.

வெறிநோயிலும் தள்ளாட்டம் உண்டு. ஆகவே வெறுங்கையால் தூக்க வேண்டாம்; கடித்தால் சோப்பு நீரால் நன்கு கழுவி, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். எந்த நோய் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், சாக்குப் பை முடிவு செய்ய வேண்டாம். நம் குதிரிலுள்ள நெல்லை எலியிடமிருந்து காத்த உயிருக்கு அவ்வளவேனும் கடன்பட்டிருக்கிறோம்.