சமையற்கட்டில் வளர்ந்த ஞானம்

கொலோசெ பட்டணத்துச் சபையாரைப் பவுல் அப்போஸ்தலர் நேரில் கண்டதில்லை. எப்பாப்பிரா என்னும் ஊழியர் கொண்டுவந்த செய்தியினாலேயே அவர்களுடைய விசுவாசத்தை அறிந்து, காவலில் இருந்தபடி அவர்களுக்கு நிருபம் எழுதினார். அதன் முதல் அதிகாரத்திலேயே, அவர்கள் நற்கிரியைகளில் கனிதர வேண்டும் என்பதையும் தேவனை அறியும் அறிவில் வளர வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிறார். வேதத்தைத் தியானிப்பதும், பிரசங்கம் கேட்பதும், ஞாயிறுதோறும் ஆலயத்தில் தொழுவதும் அவ்வறிவுக்கு இன்றியமையாத போஷணை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தன் அன்றாடத் தொழிலில் கழியும் நீண்ட பொழுதெல்லாம் தேவனை அறிவதற்கு உதவாத வெறும் இடைவேளை என்று ஒரு விசுவாசி எண்ணிவிடுவானாகில், அவன் அந்த ஜெபத்தில் பாதியையே செவியுற்றவனாகிறான். மற்றப் பாதியைத் தம் வாழ்வினால் விளக்கிக் காட்டியவர்களில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர், 17-ஆம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடமொன்றில் சமையல் செய்துவந்த சகோதரர் லாரன்ஸ்.

லொரேன் நாட்டுக் கிராமமொன்றில் 1614-ஆம் ஆண்டளவில் எளிய குடும்பத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் நிக்கோலா எர்மான். 18-ஆம் வயதில், குளிர்காலத்திலே இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரமொன்றைக் கண்டு, அது சில காலத்துக்குள் மீண்டும் தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் என்று அவர் நினைத்த கணத்தில், சர்வத்தையும் பராமரிக்கும் தேவனுடைய வல்லமை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. முப்பதாண்டுப் போரில் படைவீரராகச் சென்று காலில் காயமுற்றார். பின்னர் ஒரு பிரபுவின் வீட்டில் ஏவலாளாக இருந்தபோது கைக்குக் கிடைத்ததையெல்லாம் உடைத்துவிடும் பணியாள் என்று பெயரெடுத்ததாக அவரே கூறியிருக்கிறார். 1640-இல் மடத்தில் சேர்ந்தார். கல்வித் தேர்ச்சியில்லாத அவர் குருப்பட்டம் பெறாத பணிச் சகோதரராகவே இறுதிவரை இருந்தார்.

அந்த மரத்தைக் கண்டதோடு ஞானம் பூர்த்தியாகிவிட்டது என்று கதையை முடிப்பது எளிது. ஆனால் மடத்தில் புகுந்தபின் சுமார் பத்தாண்டுக் காலம் அவர் கடும் மனவேதனையில் உழன்றார் என்பதே நாம் நின்று நிதானித்து நோக்க வேண்டிய செய்தியாகும். தம் பழைய பாவங்களின் நினைவு ஓயாமல் வருத்த, தாம் நித்திய ஆக்கினைக்கு உரியவர் என்றே அவர் நம்பினார். உலகத்தார் அனைவரும் கூடி ஆறுதல் கூறியிருந்தாலும் அந்த நம்பிக்கை அசைந்திராது. அவ்விருளிலிருந்து தப்பும் வழியைத் தேடுவதை விட்டு, தமக்கு மோட்சமோ நரகமோ எது நேரினும் தேவன்மேல் கொண்ட அன்புக்காகவே வாழ்ந்துவிடுவது என்று அவர் தீர்மானம் செய்துகொண்டார். தம் நாட்கள் இந்தக் கலக்கத்திலேயே முடியும் என்று அதற்கும் உடன்பட்டிருந்த வேளையில், அவர் எதிர்பாராத விதமாக உள்ளம் மாறி அமைதியுற்றது. வாசித்தாலும் ஜெபித்தாலும் முன்போல் இன்பம் தோன்றவில்லையே என்று ஏங்கித் தாம் பின்னடைந்துவிட்டதாகக் கலங்கும் கிறிஸ்தவர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்கள் இந்தப் பத்தாண்டுகளை அறிந்திருத்தல் நலம்.

சமையல் வேலையில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு உண்டு. அவ்வேலையை ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் செய்தார். பிற்காலத்தில் மடத்தாரின் பாதரட்சைகளைத் தைக்கும் பணியும் அவருக்கு வாய்த்தது. ஒருமுறை மடத்துக்குத் திராட்சரசம் கொள்முதல் செய்ய அவரைப் பர்கண்டிப் பிரதேசத்துக்கு அனுப்பினார்கள். கொடுக்கல் வாங்கலில் சாமர்த்தியமில்லாதவர். கால் ஊனத்தினால் படகில் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் நகர முடிந்தது. எனினும் இது தேவரீருடைய காரியம் என்று தேவனிடமே ஒப்புவித்துவிட்டுக் கவலையின்றிப் போய்வந்தார். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும், தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதையும் தேவன்மேல் வைத்த அன்புக்காகவே செய்யலாம் என்பது அவருடைய போதனை. தவறு செய்தால் அதை ஒப்புக்கொண்டு, தேவரீர் கைவிட்டால் என்னால் ஆவது இதுவே என்று விண்ணப்பித்து, மனங்கலங்காமல் கைவேலைக்குத் திரும்பிவிடுவார். பக்திநூல்கள் கூறும் பற்பல தியான முறைகள் தம்மைக் குழப்பியதாகவும், தேவன் இங்கே என்னோடிருக்கிறார் என்ற நினைவுக்கு மனத்தை மீண்டும் மீண்டும் திருப்புவதையே தாம் கைக்கொண்டதாகவும் அவர் கூறினார். தொடக்கத்தில் இது மிகவும் பிரயாசையாயிருந்து, நாளடைவில் இயல்பாகவே படிந்து, பாத்திரங்களின் ஓசைக்கும் பலருடைய கூப்பாட்டுக்கும் நடுவிலும் ஜெபவேளையின் அமைதி அவருக்குக் குலையாமலிருந்தது.

இதனால் வேதவசனமும் சபையும் வேண்டாதவை ஆகிவிடும் என்று எவரேனும் வாதிப்பார்களாகில், மடத்தின் வழிபாட்டு முறைக்கு அரை நூற்றாண்டு கீழ்ப்படிந்து நடந்த ஒருவரை அவர்கள் தவறாக அறிந்துகொண்டார்கள் என்றே சொல்வேன். தாம் எந்த தேவனுடைய சமூகத்தில் நிற்கிறார் என்பதைத் திருச்சபை கற்பித்த விசுவாசத்தினாலேயே அவர் அறிந்திருந்தார்.

1666-இல் ஜோசப் த பொஃபோர் என்னும் குரு அவரைச் சந்தித்து உரையாடத் தொடங்கி, கேட்டவற்றைக் குறித்துவைத்தார். மரத்தைக் கண்ட நாளில் மூண்ட அன்பு பின்னர் பெருகியதா என்று தம்மால் சொல்ல இயலாது என்று லாரன்ஸ் அப்போது கூறியது எனக்கு மிகவும் அருமையாகத் தோன்றுகிறது. வளர்ச்சியை அளந்து பார்க்கும் ஆசையே அவரிடம் இருக்கவில்லை போலும். தம் கடிதத்தை வேறெவருக்கும் காட்டலாகாது என்று நிபந்தனை விதித்தே எழுதியவருடைய மொழிகளை, அவருக்குப் பின் பொஃபோர் தொகுத்து வெளியிட்டார். பின்னாளில் பேராயரான ஃபெனெலோனும் லாரன்ஸை நேரில் அறிந்து மதித்தவர்.

1691-ஆம் ஆண்டு பெப்ரவரியில், மரணத்துக்குச் சில நாட்கள் முன்பு லாரன்ஸ் எழுதிய கடைசிக் கடிதம் நம் பொருளுக்கு நேராக வருகிறது. தேவனை அறிவதே நம் முழுத் தொழிலாக இருக்கட்டும் என்றும், அவரை அறியுந்தோறும் இன்னும் அறிய விருப்பம் எழும் என்றும், அறிவு எவ்வளவோ அவ்வளவே அன்பும் என்றும் அதில் அவர் எழுதுகிறார். வயது எழுபத்தைந்தைக் கடந்தும், ஐம்பதாண்டுக்கு மேல் ஒரே மடத்தில் தேவனைத் தேடியும், அந்த அறிவை இனிச் செய்யவேண்டிய வேலையாகவே அவர் கருதினார். சில நாட்களில் தேவனை நேரில் காணும் கிருபையை எதிர்நோக்கியிருப்பதாகவும் அக்கடிதத்தில் கூறிய அவர், அந்த மாதம் 12-ஆம் நாள் காலமானார்.