தொடங்க மறுக்கும் வழங்கி: பிழைச்செய்தியை வாசிக்கும் முறை

தமிழில் இணையத்தளம் அமைக்க விழையும் மாணவர்களும் தொண்டூழியர்களும் முதலில் தத்தம் கணினியிலேயே ஒரு வழங்கியை நிறுவிக்கொள்கின்றனர். எழுதிய பக்கங்களை உலகம் காண்பதற்கு முன்னர்த் தாமே சோதித்துப் பார்ப்பதற்குரிய பயிற்சிக்களம் அது. ஆயினும், அவர்களுள் பலர் முதல் நாளிலேயே ஒரு தடையைச் சந்திக்கின்றனர். தொடக்க ஆணை கொடுத்தவுடன் வழங்கி நின்றுவிடுகிறது; திரையில் ஆங்கிலத்தில் நான்கைந்து வரிகள் தோன்றுகின்றன. அவற்றைப் படிக்காமலேயே மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ முற்படுவோர் உண்டு. அவ்வாறு நீக்கும்போது, அதன் கோப்புறைக்குள் இருந்த பக்கங்களும் தரவுத்தளமும் சேர்ந்தே அழிந்துவிடக்கூடும். ஒரு சங்கத்தின் பல்லாண்டுக் கட்டுரைத் தொகுப்பு படியெடுக்கப்படாமல் அங்கு மட்டுமே இருந்திருந்தால், அவ்விழப்பு ஈடுசெய்ய இயலாதது.

அச்சிறு வரிகளை நிதானமாக வாசித்தாலே இவ்விழப்பைத் தவிர்த்துவிடலாம். அதற்கான முறையை, பரவலாகப் பயன்படும் அப்பாச்சி வழங்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

உள்ளூர் வழங்கி

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. வழங்கி அதனை எடுத்துத் தருகிறது. இவ்விரண்டும் ஒரே கணினியில் இயங்கும்போது அதனை உள்ளூர் வழங்கி என்கிறோம். அதன் முகவரி 127.0.0.1, பெயர் லோக்கல்ஹோஸ்ட். இம்முகவரிக்கு அனுப்பப்படும் செய்தி கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. எனவே, இணையத் தொடர்பு இல்லாதபோதும் உள்ளூர் வழங்கி இயங்கும். அது தொடங்காமைக்கு இணையச் சேவையைக் குறைகூறுவதில் பயனில்லை. காரணத்தைக் கணினிக்குள்ளேயே தேட வேண்டும்.

வழங்கி எந்தக் கோப்புறையிலிருந்து பக்கங்களை எடுக்க வேண்டும், எந்த எண்ணில் அழைப்பை எதிர்பார்க்க வேண்டும், யாருக்கு அனுமதி தர வேண்டும் என்பனவெல்லாம் அமைவுக் கோப்பு எனப்படும் எளிய உரைக்கோப்பில் எழுதப்பட்டுள்ளன. வழங்கி தொடங்கும்போது அக்கோப்பைப் படிக்கிறது. பிழை கண்டால் தவறாக இயங்குவதைவிட இயங்காதிருப்பதே மேல் என்று நின்றுவிடுகிறது.

நான்கு வரிகளின் பொருள்

லினக்ஸ் கணினியில் அடிக்கடி தோன்றும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். முதல் வரி, வழங்கியின் முழுப்பெயரை உறுதியாக அறிய இயலவில்லை என்கிறது. இரண்டாம் வரி, 80 என்னும் துறை எண்ணில் இணைய முடியவில்லை, அம்முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்கிறது. மூன்றாம் வரி, செவிமடுக்க வாயில் எதுவும் இல்லை, ஆகவே நிறுத்துகிறேன் என்கிறது. நான்காம் வரி, பதிவுக் கோப்புகளைத் திறக்க இயலவில்லை என்கிறது.

இறுதியாகக் கண்ணில் படுவது நான்காம் வரியே. அதனை நம்பியவர் பதிவுக் கோப்புறையின் அனுமதிகளை மாற்றத் தொடங்குவார், பயன் விளையாது. முதல் வரியைப் பற்றிக்கொண்டவர் பெயரைத் திருத்துவார். அப்பொழுதும் வழங்கி தொடங்காது. முதல் வரி வெறும் எச்சரிக்கை. அது இருந்தாலும் வழங்கி இயங்கும். சர்வர்நேம் என்னும் ஆணைக்கு எதிரே லோக்கல்ஹோஸ்ட் என எழுதினால் அதுவும் மறைந்துவிடும். மூன்றாம், நான்காம் வரிகள் விளைவுகள். காரணம் இரண்டாம் வரியில்தான் உள்ளது.

ஆகவே, செய்தியை வாசிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். இது எச்சரிக்கையா, இயக்கத்தை நிறுத்தும் பிழையா? நிறுத்தும் பிழைகளுள் எது முதலில் நிகழ்ந்தது? அது எந்தக் கோப்பையும் எந்த வரியையும் சுட்டுகிறது?

துறை எண் மோதல்

ஒரு கணினியில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் பிணையத்தைப் பயன்படுத்துகின்றன. வரும் செய்தி எந்த நிரலுக்குரியது என்பதைத் துறை எண் காட்டுகிறது. இவ்வெண்கள் 65535 வரை உள்ளன. வலைப்பக்கங்களுக்குரிய வழக்கமான எண் 80; மறைகுறியாக்கப்பட்ட தொடர்புக்கு 443. பொதுவாக, ஒரு முகவரியின் ஒரு துறை எண்ணில் ஒரு நிரல் மட்டுமே செவிமடுக்க இயலும். விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்டின் வலைச்சேவை 80ஐ முன்னதாகவே பிடித்திருக்கக்கூடும். முன்பு தொடங்கிய வழங்கி முறையாக நிறுத்தப்படாமல் பின்னணியில் இயங்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. துறை எண்ணில் இணைய முடியவில்லை என்னும் அதே வாக்கியம் இருவேறு காரணங்களுக்காகத் தோன்றும். வாக்கியத்தின் முன்னே அடைப்புக்குறிக்குள் உள்ள எண்ணே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. லினக்ஸில் அது 98 எனில், எண்ணை வேறு நிரல் பயன்படுத்துகிறது. 13 எனில், நமக்கு அனுமதி இல்லை. 1024க்குக் குறைந்த எண்களைச் சாதாரணப் பயனர் பயன்படுத்த இயலாது என்பது லினக்ஸின் வழக்கமான விதி. விண்டோஸில் இவற்றுக்கு இணையான எண்கள் 10048, 10013 ஆகும்.

முதல் நிலையில், எண்ணைப் பிடித்திருக்கும் நிரலைக் கண்டறிய வேண்டும். விண்டோஸில் நெட்ஸ்டாட் என்னும் கட்டளை அந்நிரலின் அடையாள எண்ணைத் தரும். அந்நிரல் தேவையற்றதாயின் அதனை நிறுத்தலாம். தேவையானதாயின், அமைவுக் கோப்பில் லிசன் என்னும் ஆணைக்கு எதிரே உள்ள 80ஐ 8080 என மாற்றலாம். அதன்பின் உலாவியிலும் முகவரியை அடுத்து முக்காற்புள்ளியும் 8080 என்னும் எண்ணும் இட வேண்டும். இதனை மறந்துவிட்டு, வழங்கி இன்னும் இயங்கவில்லை என்று எண்ணுவோர் பலர். 8080 என்பது 1024க்கு மேற்பட்டதாகையால், லினக்ஸில் அனுமதிச் சிக்கலும் இதனாலேயே தீரும்.

அமைவுக் கோப்பின் இலக்கணம்

அமைவுக் கோப்புக்கும் இலக்கணம் உண்டு. வழங்கியைத் தொடங்காமலேயே அவ்விலக்கணத்தைச் சோதிக்கும் வசதி அப்பாச்சியில் உள்ளது. பிழையில்லையெனில் தொடரியல் சரி என்னும் பொருளுடைய விடை கிடைக்கும். பிழையிருப்பின் கோப்பின் பெயரும் வரி எண்ணும் கிடைக்கும்.

அடிக்கடி வரும் ஒரு செய்தி இவ்வாறு பொருள்படும்: இக்கட்டளை செல்லாதது, எழுத்துப்பிழையாக இருக்கலாம், அல்லது வழங்கியில் சேர்க்கப்படாத கூறு ஒன்றுக்கு உரியதாக இருக்கலாம். இதில் அல்லது என்னும் சொல் முதன்மையானது. எழுத்துகள் சரியாக இருப்பின், இரண்டாம் பாதியை ஆராய வேண்டும். முகவரிகளை மாற்றி எழுத உதவும் ரீரைட் கூறு இதற்குத் தக்க சான்று. அக்கூறை ஏற்றும் வரியின் தொடக்கத்தில் # குறி இருந்தால், அவ்வரி வெறும் குறிப்பாகவே கொள்ளப்படும். அக்குறியை நீக்கினால் கட்டளை செல்லுபடியாகும்.

வேறு சில பிழைகள் கண்ணுக்கு எளிதில் புலப்படா. சொற்செயலியிலிருந்து படியெடுத்த வரிகளில் நேரான மேற்கோள்குறிக்குப் பதிலாக வளைந்த மேற்கோள்குறி வந்துவிடும்; வழங்கி அதனை மேற்கோள்குறியாக ஏற்பதில்லை. விண்டோஸ் பயனர்கள் கோப்புப் பாதையில் பின்சாய்கோடு இடுவர். அமைவுக் கோப்பில் முன்சாய்கோடே இட வேண்டும். பக்கங்கள் உள்ள கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, அமைவுக் கோப்பில் பழைய பெயரையே விட்டுவைத்தாலும் பிழை தோன்றும்.

பழைய வழிகாட்டிகளும் இடர் தரும். 2012இல் வெளிவந்த அப்பாச்சி 2.4 பதிப்பு, அனுமதி வழங்கும் ஆணைகளை மாற்றியமைத்தது. அதற்கு முந்திய நூல்களில் உள்ள வரிகளை அப்படியே எழுதினால், பழைய முறைக்குத் துணைநிற்கும் கூறு ஏற்றப்படாத இடத்தில் வழங்கி தொடங்காது.

தொடங்கிய பின்னும் எஞ்சும் பிழை

வழங்கி தொடங்கிவிட்டது என்பதனால் அமைவு சரியாகிவிட்டதென்று கொள்ளலாகாது. தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை மேலும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். யூனிகோடு முறையில் தமிழுக்குரிய குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பக்கம் எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்பதை வழங்கியும் அறிவிக்கலாம், பக்கமும் அறிவிக்கலாம். இரண்டும் முரண்பட்டால், உலாவி வழங்கியின் சொல்லையே ஏற்கும். அமைவுக் கோப்பில் இயல்புக் குறியாக்கமாக மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய முறை எழுதப்பட்டிருந்தால், மூன்று பைட்டுகளும் மூன்று தனி எழுத்துகளாகத் தோன்றும். தலைக்குறியிட்ட ரோமன் எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட வணிகக்குறியும் திரும்பத் திரும்ப வருமாயின், தமிழ் உரை அழிந்துவிடவில்லை, வழங்கி தவறாக அறிவிக்கிறது என்று அறியலாம். பக்கத்தை மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஆணையில் யூடிஎஃப்-8 என்று திருத்தினால் போதும்.

தமிழ் எழுத்துகளுக்குப் பல குறியாக்கங்கள் வழங்கிய காலத்தில், 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாடு இச்சிக்கலை விவாதித்தது. இன்று பொதுக் குறியாக்கம் நிலைபெற்றுவிட்டது. அமைவுக் கோப்பின் ஒரு வரி அப்பயனைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பாக எஞ்சியுள்ளது.

கடைப்பிடிக்கத்தக்க ஒழுங்கு

எந்தத் திருத்தத்துக்கும் முன்னர் அமைவுக் கோப்பையும் பக்கங்களையும் தரவுத்தளத்தையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும்; இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பயன் தந்தது என்பது விளங்காது. மாற்றியபின் தொடரியலைச் சோதித்து, வழங்கியை மீண்டும் தொடங்குதல் வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கி புதிய மாற்றத்தைத் தானே அறிந்துகொள்வதில்லை. அதற்குப் பின்னரும் பிழை தோன்றினால், அது பழைய செய்திதானா, புதியதா என்று நோக்க வேண்டும். புதிய செய்தி வந்தால், முந்திய தடை நீங்கியது என்பதே அதன் பொருள்.

சங்கங்களிலும் பள்ளிகளிலும் இணையத்தளப் பணியை ஏற்றோர், தாம் சந்தித்த செய்தி, அதன் காரணம், செய்த திருத்தம் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிவைத்தல் நன்று. பொறுப்பு மற்றொருவருக்குக் கைமாறும்போது அக்குறிப்பேடும் உடன் செல்லட்டும். புதிதாக வருபவர் அதனைப் பார்த்துக் காரணத்தை அறிந்துகொள்வார். மென்பொருளை நீக்கும் பொத்தானை நாடமாட்டார்.