பழைய காருக்கு என்ன விலை சொல்வது?

2 மாதம் வாசலில் நின்ற கார் 8 நாளில் விற்றது எப்படி?

சென்னை கொளத்தூரில் ஒரு வீட்டு வாசல். அங்கே வெள்ளை நிறச் சின்ன கார் ஒன்று நின்றது. பின் கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று எழுதிய அட்டை. 2 மாதம் நின்றது. அட்டை வெயிலில் வெளுத்ததுதான் மிச்சம். கார் போகவில்லை!

சொந்தக்காரர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. 2013-ல் புதிதாக வாங்கிய பெட்ரோல் கார். வேறு கைக்குப் போகாத வண்டி. மீட்டர் 68 ஆயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது. ஒரு கீறல் விழுந்தாலும் மனசு கேட்காது அவருக்கு. அப்படிப் பார்த்துக்கொண்ட கார் ஏன் விற்கவில்லை?

விலைதான் காரணம்.

ரெண்டே முக்கால் லட்சம்!

"என்ன விலை சொன்னீங்க, சார்?" என்று கேட்டோம்.

"ரெண்டே முக்கால் லட்சம், தம்பி" என்றார்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது? அன்று கொடுத்தது நாலரை லட்சம். பிறகு கிளட்ச், ஏ.சி., சீட் கவர் என்று ரூ.60 ஆயிரம் செலவு. "அதுல பாதிக்கு மேல வர வேணாமா?" என்பது அவர் வாதம். போதாக்குறைக்கு, பக்கத்துத் தெருக்காரர் இதே மாடலை ரெண்டே முக்காலுக்கு விற்றதாகக் கேள்வி. அது 2017-ம் வருட வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது!

பார்க்க வந்தவர்கள் 3 பேர். விலையைக் கேட்டதும் மூவரும் சொன்னது ஒரே பதில்: "வீட்ல கேட்டுட்டு வரேன் சார்." ஒருவரும் திரும்பி வரவில்லை. அதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. தள்ளி ஸ்டார்ட் செய்யும் நிலைமை!

கடைசியில் அயனாவரத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் தெரிந்த மெக்கானிக்கிடம் போனார். அவர் கூறியதாவது:-

"வாங்க வர்றவர் உங்க செலவுக் கணக்கைப் பார்க்க மாட்டார், சார். இதே காசுக்கு வேற எந்த வண்டி கிடைக்கும்னுதான் பார்ப்பார். கிளட்ச் மாத்தினது வண்டி ஓடறதுக்கு. அது விலையில ஏறாது. மாத்தாம இருந்தா மட்டும் விலையில இறங்கும்!"

இன்சூரன்ஸ் பேப்பரில் போட்டிருக்கும் மதிப்பைக் காட்டினார் குமாஸ்தா. மெக்கானிக் தலையை ஆட்டினார். வண்டிக்கு 5 வயது ஆகும் வரைதான் தேய்மானத்துக்கு அட்டவணை உண்டு. 4 வருடம் தாண்டி 5-க்குள் இருந்தால் பாதி மதிப்பு. அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி வைப்பதுதான் மதிப்பு. அது சந்தை விலை ஆகாது.

கணக்குப் போட்டது இப்படி

இருவரும் செல்போனில் விளம்பரங்களைத் தேடினார்கள். அதே மாடல், 2012 முதல் 2014 வரை, பெட்ரோல், சென்னை வண்டி மட்டும். 11 கிடைத்தன. கூடுதல் விலை ரூ.2 லட்சத்து 60 ஆயிரம். குறைந்தது ரூ.1 லட்சத்து 50 ஆயிரம். வரிசையாக எழுதி, நட்டநடுவில் இருந்த ரூ.2 லட்சத்து 5 ஆயிரத்தை எடுத்தார்கள்.

இது கேட்கிற விலை. கையில் வாங்குகிற விலை அல்ல. பேரத்தில் 15 ஆயிரமாவது இறங்கும் என்றார் மெக்கானிக். ஆக ரூ.1 லட்சத்து 90 ஆயிரம்.

அடுத்து, பழைய கார் வாங்கி விற்கும் 3 இடங்களில் விலை கேட்டார்கள். ரூ.1.55 லட்சம், ரூ.1.60 லட்சம், ரூ.1.68 லட்சம் என்றார்கள். வியாபாரிக்கு லாபம் வேண்டும் அல்லவா? அதனால் இது அடிவிலை. நியாயமான விலை இந்த ரூ.1.68 லட்சத்துக்கும் ரூ.1.90 லட்சத்துக்கும் நடுவில்தான்!

பிறகு வண்டியைச் சுற்றி வந்தார் மெக்கானிக். டயரின் பக்கவாட்டில் 2318 என்று நான்கு எண்கள். 2018-ம் வருடம் 23-வது வாரம் தயாரித்த டயர் என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டது. புது செட் போட ரூ.16 ஆயிரம் ஆகும். இதற்காக ரூ.10 ஆயிரம் கழித்தார்கள். மிச்சம் ரூ.1 லட்சத்து 80 ஆயிரம்.

"முழு பெயின்ட் அடிச்சிடலாமா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"வேணாம் சார். புது பெயின்டைப் பார்த்தாலே, வண்டி எங்கயோ அடிபட்டதுன்னு சந்தேகம் வரும். ஆயில் மாத்தி, நல்ல பேட்டரி போட்டு, கழுவி வைங்க. போதும்."

சென்னையில் இன்னொரு சோதனையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் புயல் மழையும் கார்களை மூழ்கடித்த ஊர் இது. விவரம் தெரிந்தவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பார்கள். சேறு படிந்த கோடு இருந்தால் கதை முடிந்தது! மறைப்பதை விட முதலிலேயே சொல்லி விலையைக் குறைப்பது மேல்.

வெளியே நடக்கும் மாற்றமும் விலையை அசைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புது கார் விலை இறங்கினால் பழைய காருக்கு யார் பழைய விலை தருவார்? பதிவுக் காலமும் முக்கியம். 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-ல் இருந்து ரூ.5 ஆயிரம் ஆனது. நம் குமாஸ்தாவின் காருக்குப் பதிவு 2028-ல்தான் முடிகிறது. அது அவருக்குச் சாதகம்.

முடிவாக, விளம்பரத்தில் ரூ.1 லட்சத்து 92 ஆயிரம் போட்டார்கள். ரூ.1 லட்சத்து 75 ஆயிரத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு சீட்டில் எழுதி மணிபர்சில் வைத்துக்கொண்டார். வீட்டில் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

முதல் 2 நாளில் 9 பேர் போன் செய்தார்கள்!

இரவில் வந்த புரோக்கர்

5-வது நாள் இரவு ஒரு புரோக்கர் வந்தார். வண்டியைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணு தொண்ணூறு ரொக்கம் சார். இப்பவே வாங்கிக்குங்க. ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போடுங்க. வாங்கறவர் பேரை நாங்க எழுதிக்கிறோம். பேர் மாத்தறதை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

ரூ.1 லட்சத்து 90 ஆயிரம்! எதிர்பார்த்ததை விட 10 ஆயிரம் கூடுதல். குமாஸ்தா பேனாவை எடுத்துவிட்டார். அவர் மனைவி உள்ளே இருந்து வந்தார்.

"ஏங்க, நாளைக்கு இந்த வண்டி யாரையாவது அடிச்சுட்டா, ஆர்.சி. புக்ல யார் பேரு இருக்கும்?"

பேனா நின்றது.

அந்த அம்மாள் கேட்டது வெறும் பயம் அல்ல. வடநாட்டில் ஒருவர் 2007-ல் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறிப் போனது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் அந்த கார் பின்னால் வந்தபோது மோதி ஒரு சிறுவன் இறந்தான். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். நஷ்டஈடு அவர் பொறுப்பு!

விற்றுப் பல வருடம் ஆனாலும் பொறுப்பு போகவில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே கார் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, 30. கடனில் வாங்கிய வண்டி என்றால் பாங்கியின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். டீலரிடம் விட்டால், அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று பார்த்து, வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29-சி மூலம் பதிவு செய்ய வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் கூடாது.

புரோக்கரைத் திருப்பி அனுப்பினார் குமாஸ்தா.

ரூ.1 லட்சத்து 81 ஆயிரம்

8-வது நாள் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கூடவே அவர்களுடைய மெக்கானிக். சீட் பெல்ட்டை இழுத்தார். டயர் எண்ணைப் படித்தார். "டயர் பழசு சார்" என்றார்.

"ஆமாம். அதுக்குக் கழிச்சுதான் விலை போட்டிருக்கேன்" என்றார் குமாஸ்தா. சர்வீஸ் பில்களை எடுத்து வைத்தார். அரை மணி நேரப் பேரம். ரூ.1 லட்சத்து 81 ஆயிரத்துக்கு முடிந்தது. பணம் பாங்கிக் கணக்கில் வந்தது. இரு தரப்பும் சேர்ந்தே பெயர் மாற்ற மனு கொடுத்தார்கள்.

இன்சூரன்சில் சேர்ந்திருந்த நோ கிளெய்ம் போனசையும் அவர் விடவில்லை. அது காருக்கு அல்ல, சொந்தக்காரருக்கு உரியது. சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டார். மகன் வாங்கப்போகும் காருக்கு அது உதவாது. அவரே தன் பெயரில் வாங்கினால்தான் உண்டு.

"ரெண்டே முக்கால் கேட்டீங்களே, வருத்தமா சார்?" என்று கேட்டோம்.

"வருத்தம் இல்ல தம்பி. புரோக்கர் சொன்னதை விட 9 ஆயிரம் கம்மிதான். ஆனா ஆர்.சி.ல பேர் மாறினதை செல்போன்ல பார்த்தேன் பாருங்க, அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்" என்றார்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்துப் போடவில்லை அவர். பின்பக்கம் காலியாக இருக்கிறதாம். பழைய ஸ்கூட்டர் ஒன்றும் வீட்டில் நிற்கிறது!