முதலில் யாருக்கு?

ஒரு மருத்துவமனைக்கு ஒரு காலைப் பொழுதில் பத்து நோயாளர் வருவராயின், மருத்துவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே நோக்கி, நோய் இன்னதென ஆராய்ந்து, அதற்குரிய மருந்தை அளிப்பர். வந்த வரிசையே அங்கு முறையாகும். ஆயின், புகைவண்டி ஒன்று தடம் புரளுகிறது. அல்லது, பெருங்கட்டடம் ஒன்று இடிந்து வீழ்கிறது. ஒரு நாழிகைக்குள் இருநூறு பேர் குருதி ஒழுகும் உடலினராய் அம் மருத்துவமனையின் வாயிலில் கொணர்ந்து கிடத்தப்படுகின்றனர். மருத்துவரோ அறுவர்; அறுவை அறைகளோ இரண்டு. இந் நிலையில் யாருக்கு முதலில் மருத்துவம் செய்வது? வந்த வரிசைப்படியா? உரக்கக் கதறுவோருக்கா? செல்வாக்கு மிக்கோருக்கா? இவ் வினாவுக்கு விடை பிழைபடுமாயின், காக்கத் தக்க உயிர்களும் கண்ணெதிரே நீங்கிவிடும்.

இவ் வினாவுக்கு மருத்துவ உலகம் கண்ட விடையே வகைபிரிப்பு என்னும் முறை. காயமுற்றோரை அவரவர் நிலைமைக்கு ஏற்பப் பிரித்து, இன்னாருக்கு உடனே, இன்னாருக்குச் சற்றுப் பின்னர் என வரையறுத்தலே அது. மருத்துவர் இதனை ‘டிரையேஜ்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லால் வழங்குவர். தரம் பார்த்துப் பிரித்தல் என்பது அச் சொல்லின் பொருள். ஆட்டு மயிர் போன்ற பண்டங்களைத் தரம் பிரிப்பதற்கு வணிகர் வழங்கிய சொல், போர்க்களத்தின் வழியே மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது.

இம் முறைக்கு வித்திட்டவர் டொமினிக் ஜான் லாரே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர். 1766-ஆம் ஆண்டில் பிரனீசு மலைச்சாரலில் ஒரு சிற்றூரில் பிறந்த இவர், 1792-ஆம் ஆண்டில் ரைன் ஆற்றங்கரையில் போரிட்ட படையில் மருத்துவராகச் சேர்ந்தார். அந்நாளைய படைவிதி இரக்கமற்றது. மருத்துவ வண்டிகள் போர்க்களத்துக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் பின்னே நிற்றல் வேண்டும். போர் ஓய்ந்த பின்னரே அவை களத்தினுள் செல்லலாம். அடிபட்ட வீரர் அதுவரை வெட்டவெளியில் கிடந்து, குருதி வடிந்து மாண்டனர். குதிரைகள் பீரங்கிகளைக் காற்றென இழுத்துச் செல்வதை லாரே கண்டார். கொல்லும் கருவி இத்துணை விரைவாகச் செல்லுமாயின், காக்கும் வண்டி அவ்வாறு செல்லலாகாதோ என்று எண்ணினார். இலேசான வண்டிகளைச் செய்வித்தார். குலுக்கலைத் தாங்கும் விற்களை அவற்றிற் பொருத்தினார். போர் நடக்கும்பொழுதே அவை களத்தினுட் புகுந்து காயமுற்றோரை ஏற்றி வந்தன. ‘பறக்கும் மருத்துவ வண்டிகள்’ என்று அவை பெயர் பெற்றன.

வண்டி விரைந்து சென்றால் மட்டும் போதாது. களத்தில் நூற்றுவர் கிடப்பின், யாரை முதலில் ஏற்றுவது? படைத்தலைவர்க்கே முதலிடம் என்பது பலர் நெஞ்சில் ஊறிக் கிடந்த எண்ணம். லாரே அதனை ஏற்றிலர். யாருடைய காயம் மிகவும் கொடியதோ அவருக்கே முதல் மருத்துவம். அவர் வகிக்கும் பதவியும் அவர் பிறந்த குடியும் கருதப்படமாட்டா என்று அவர் விதி வகுத்தார். எளிய காயமுடையோர், அவர் உயர்ந்த அலுவலரேயாயினும், காத்திருத்தல் வேண்டும். பகைநாட்டு வீரருக்கும் அவர் மருத்துவம் செய்தார். நெப்போலியன் தமது இறுதி முறியில் லாரேக்கு ஓர் இலட்சம் பிராங்குகள் எழுதிவைத்து, தாம் அறிந்தோருள் மிக்க அறவோர் அவரே என்று குறித்துச் சென்றார். போரையே தொழிலாகக் கொண்ட பேரரசரின் நெஞ்சையும் அம் மருத்துவரின் நடுவுநிலைமை கவர்ந்தது போலும்!

லாரே இட்ட வித்தை வளர்த்தவருள் ஒருவர் நிக்கொலாய் பிரகோவ் என்னும் உருசிய மருத்துவர். கிரிமியப் போரில் செவஸ்தபோல் நகர் முற்றுகையிடப்பட்டபொழுது, அந்நகர மருத்துவக் கூடங்களில் காயமுற்றோர் வெள்ளமென வந்து குவிந்தனர். மருத்துவர் முதலில் கண்ணிற் பட்டவரை எடுத்து அறுவை செய்யத் தொடங்கினர். சிறிது நேரத்தில் அவர்தம் கை சோர்ந்தது. கொடுங்காயமுற்றோரோ மூலையிற் கிடந்து மடிந்தனர். மருத்துவரின் திறமையினும் கூடத்தின் ஒழுங்கே மிகுதியான உயிர்களைக் காக்கும் என்று பிரகோவ் தெளிந்தார். ஆகவே, வந்தோரையெல்லாம் ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையினரையும் தனித்தனி இடங்களுக்கு அனுப்பினார். குழப்பம் தணிந்தது, அறுவைக் கத்தி அது தேவைப்பட்ட இடத்துக்கு உரிய காலத்திற் சென்றது.

இந்நாளில் பல நாடுகளில் நான்கு நிறச் சீட்டுகளால் இவ் வகைபிரிப்பு நடைபெறுகின்றது. உடனே மருத்துவம் பெறின் பிழைப்பர், பெறாவிடின் இறப்பர் என்னும் நிலையினருக்குச் சிவப்புச் சீட்டு. காயம் பெரிதாயினும், சிறிது நேரம் காத்திருக்கக் கூடியவர்க்கு மஞ்சள். எழுந்து நடக்க வல்லோருக்குப் பச்சை. உயிர் நீத்தோருக்கும், எவ்வகை மருத்துவத்தாலும் மீட்க இயலாதோருக்கும் கருப்பு. சீட்டினைக் கழுத்திலோ கையிலோ கட்டிவிடின், பின்னர் வருவோர் வினவ வேண்டுவதில்லை. நிறமே நிலைமையை உரைத்துவிடும்.

ஒருவரது நிலையை நொடியில் அறிவது எங்ஙனம்? 1983-ஆம் ஆண்டில், கலிபோர்னியா மாநிலத்து நியூபோர்ட் பீச் நகரின் தீயணைப்புத் துறையினரும் ஹோக் மருத்துவமனையினரும் கூடி, ‘ஸ்டார்ட்’ எனப் பெயரிய முறை ஒன்றை வகுத்தனர். முதலில், “நடக்கக் கூடியவர்கள் எழுந்து அவ்விடத்துக்குச் செல்லுங்கள்” என்று உரக்கக் கூறல் வேண்டும். சென்றோர் பச்சை வகையினர். எஞ்சியோரிடம் மூன்று செய்திகளை நோக்கல் வேண்டும். மூச்சு இல்லையெனின், தலையைச் சற்றே பின்சாய்த்து மூச்சுவழியைத் திறந்து பார்ப்பர். அப்பொழுதும் மூச்சு வாராதாயின் கருப்பு. மூச்சு மீளுமாயின் சிவப்பு. மூச்சு ஒரு நிமிடத்துக்கு 30-க்கு மேற்பட்டு ஓடினும் சிவப்பு. இரண்டாவது, மணிக்கட்டில் நாடி தென்படாதாயின் சிவப்பு. மூன்றாவது, கையை அழுத்து என்பது போன்ற எளிய கட்டளையை உணர்ந்து செய்ய இயலாதாயின் சிவப்பு. இம் மூன்றும் குறைவின்றி அமைந்தோர் மஞ்சள் வகையினர். ஒருவர்க்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடலாகாது. மூச்சுவழியைத் திறத்தலும், பீறிட்டுப் பாயும் குருதியை அடக்குதலும் தவிர வேறு மருத்துவம் எதனையும் பிரிப்பவர் அவ்விடத்தில் செய்தலும் ஆகாது. அவர் ஒருவரிடமே நின்றுவிடின், அப்பால் கிடப்போர் யார் கண்ணிலும் படாமல் மடிவர்.

இம் முறை ஓர் அரிய உண்மையைப் புலப்படுத்துகின்றது. உரக்கக் கதறுபவரிடம் மூச்சு இருக்கின்றது, உணர்வும் இருக்கின்றது. ஒலியின்றிக் கிடப்பவரே பெரிதும் இடருற்றவராக இருக்கக்கூடும். மக்களின் இரக்கமோ இயல்பாகவே குரல் வந்த திசைக்கு ஓடும். அவ் இரக்கத்தை அறிவு வழிநடத்தாவிடின், அது செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்லாது.

கருப்புச் சீட்டைக் கட்டுவதே இப் பணியில் மிகக் கொடிய கடமை. இன்னும் மெல்லிய துடிப்புடன் இருக்கும் ஒருவரைக் கடந்து செல்வது எளிதோ? பிற நாட்களில் அத்தகைய ஒருவரைக் காப்பதற்குப் பத்து மருத்துவர் பல மணி நேரம் உழைப்பர். பேரிடர் நாளில் அப் பத்து மருத்துவர் அவரிடமே நிற்பின், பிழைக்கக்கூடிய பலர் இறப்பர். ஆகவே, மிகப் பலரைக் காத்தல் என்பதே அன்றைய அறமாகின்றது. எனினும், அவரைக் கைவிடுதல் அறமன்று. நோவு தணிக்கும் மருந்தும், அருகிருந்து ஆறுதல் கூறும் ஒருவரும் அவருக்கும் உரியர். உதவி செய்வோர் பெருகியவுடன் அவரை மீண்டும் நோக்கல் வேண்டும். சீட்டு ஒருமுறை கட்டப்பட்டால் மாறாதது என்று கருதுதல் பிழை. மஞ்சள் வகையினர் சிறிது நேரத்தில் சிவப்பு நிலையை எய்தக்கூடும். ஆதலின், வகைபிரிப்பு மீண்டும் மீண்டும் செய்யப்படுகின்றது.

பிரிப்பதில் இரண்டு பிழைகள் நேரக்கூடும். கொடிய காயத்தை எளியதென எண்ணுதல் ஒன்று. அதனால் ஓர் உயிர் நீங்கும். எளிய காயத்தைக் கொடியதென எண்ணுதல் மற்றொன்று. அது தீங்கற்றது போலத் தோன்றும். ஆயின், சிவப்புச் சீட்டுடையோர் அளவின்றிப் பெருகுவராயின், மெய்யாகவே சிவப்புக்கு உரியோர் அக் கூட்டத்தில் மறைந்துபோவர். அஞ்சி அனைவருக்கும் முதலிடம் தருதல், எவருக்கும் முதலிடம் தராமைக்கு ஒப்பாகும்.

வகைபிரிக்கும் அறிவு மட்டும் போதாது. வருமுன் காக்கும் ஏற்பாடும் வேண்டும். இதற்குச் சிறந்த சான்று சப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவில் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது, 1945-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை அந்நகரின்மீது தீக்குண்டுகள் பொழியப்பட்டன. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நாளில் செயின்ட் லூக் மருத்துவமனையில் பணியாற்றியவர் சிகேயாகி ஹினோகரா என்னும் மருத்துவர். வெந்த உடலோடு வந்தோரைக் கிடத்த இடமின்மையும், வேண்டும் மருந்து இன்மையும் அவர் நெஞ்சைச் சுட்டன.

ஆண்டுகள் பல கடந்தன. ஹினோகரா அம் மருத்துவமனையின் தலைவரானார். 1992-ஆம் ஆண்டில் அதற்குப் புதிய கட்டடம் எழுந்தபொழுது, நடைவழிகளின் சுவர்களிலும் வழிபாட்டுக் கூடத்தின் சுவர்களிலும் பிராணவாயுக் குழாய்களைப் பதிக்கச் செய்தார். நோயாளர் படுக்காத இடங்களில் இக் குழாய்கள் எதற்கு என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடியதே. அமைதி நிலவும் காலத்தில் முன்னேற்பாடு எப்பொழுதும் வீண் செலவு போன்றே தோன்றும்.

மூன்றே ஆண்டுகளில் அக் குழாய்களுக்கு வேலை வந்தது. 1995-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் காலையில், டோக்கியோவின் நிலத்தடிப் புகைவண்டிகள் ஐந்தில் ஓம் சின்ரிக்கியோ என்னும் குழுவினர் சாரின் என்னும் கொடிய நஞ்சைப் பரப்பினர். வெடிவிபத்து என்றே முதலில் மருத்துவமனைக்குச் செய்தி வந்தது. சிறிது நேரத்தில் மக்கள் கண் மங்கி, மூச்சுத் திணறி, நடந்தும் கார்களிலும் வந்து சேர்ந்தனர். ஹினோகரா அன்றைய வழக்கமான பணிகளை நிறுத்தச் செய்து, வருவோர் அனைவரையும் ஏற்குமாறு பணித்தார். அன்று ஒருநாளில் 640 பேர் அம் மருத்துவமனைக்கு வந்தனர். அவருள் ஐவர் நிலை மிகக் கொடியது. 107 பேர் இடைநிலையினர். ஏனைய 528 பேர் எளிய துன்பமுற்றோர். நடைவழிகளும் வழிபாட்டுக் கூடமும் மருத்துவக் கூடங்களாயின. மிகச் சிலர் தவிர ஏனையோர் அனைவரும் உயிர் பிழைத்தனர். ஐம்பது ஆண்டுகட்கு முன் ஓர் இளம் மருத்துவர் உற்ற துயரம், அன்று பலருக்கு மூச்சாயிற்று.

எனினும், அந்நாள் குறைகளையும் காட்டிற்று. வந்தோரின் உடைகளிற் படிந்திருந்த நஞ்சு வாயிலிலேயே அகற்றப்படவில்லை. வழிபாட்டுக் கூடத்தில் காற்றோட்டமும் குறைவு. ஆதலின், மருத்துவமனைப் பணியாளருள் நூற்றுக்கு மேற்பட்டோர் தாமும் நஞ்சின் தாக்குதலை உணர்ந்தனர். நச்சுப் பொருளால் இடருற்றோரின் உடைகளை நீக்கி, நீராற் கழுவிய பின்னரே உள்ளே கொணர்தல் வேண்டும் என்பது இந்நாளில் வலியுறுத்தப்படுகின்றது. சிறந்த ஏற்பாடும் முற்றும் நிறைந்ததன்று. ஒவ்வொரு பேரிடரும் அடுத்த ஏற்பாட்டுக்குப் பாடமாகின்றது.

இடருக்கு முன்னரே ஒவ்வொரு மருத்துவமனையும் சில செய்திகளை முடிவு செய்து வைத்தல் வேண்டும். கட்டளையிடுபவர் யார்? வீடு சென்ற பணியாளரை அழைப்பது எங்ஙனம்? காயமுற்றோர் புகும் வாயில் எது? தேடிவரும் உறவினர் அமரும் இடம் எது? குருதியும் மருந்தும் எவ்வளவு கையிருப்பில் உள்ளன? ஏட்டில் எழுதி வைத்தால் மட்டும் இவை பயன்படா. ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தல் வேண்டும். பழகாத கை இடர் வந்த நாளில் நடுங்கும். பழகிய கை தானே தன் கடமையைச் செய்யும்.

பொதுமக்களின் கடமையும் சிறிதன்று. வேடிக்கை காணக் கூடி வழியை அடைத்தல் ஆகாது. முதுகெலும்பு முறிந்தாரை அறியாது தூக்குதல் பெருந்தீங்காம். குருதி பாயும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் எவரும் செய்யக்கூடிய உதவி. எளிய காயமுடையோர் அருகிலுள்ள மருத்துவமனையை நிறைத்துவிடாமல், சற்றுத் தொலைவிலுள்ளதற்குச் செல்வராயின், அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் வேறோர் உயிர் காக்கப்படும். தமது முறை வருந்துணையும் அமைதியாகக் காத்திருப்பவர், தாம் ஒருபோதும் காணாத ஒருவருக்கு உயிரளித்தவர் ஆவார்.