திரை வேடம் போட்ட கோப்பு

1983-இல் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவின் பெரிய அலுவலகங்களில் ஒரு விநோதமான வேலை முளைத்தது. கணக்குப் பிரிவு ஊழியரின் மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டரான மெயின்ஃபிரேம் காட்டும் பச்சை எழுத்துகள், இன்னொன்று புதிதாக வாங்கிய பி.சி. முதல் திரையில் தெரியும் தொகைகளைப் பார்த்துப் பார்த்து இரண்டாவதில் தட்டிக்கொண்டிருப்பார் அவர். ஒரு கம்ப்யூட்டர் கூட்டிக் கழித்துக் கொடுத்ததை இன்னொரு கம்ப்யூட்டருக்குள் மனித விரல்களால் ஏற்றுகிற வேலை அது.

இரண்டையும் கம்பியால் இணைத்துவிட்டால் போதாதா? போதாது. கம்பியின் மறுமுனையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த மெயின்ஃபிரேமுக்குக் கிடையாது. அது அறிந்ததெல்லாம் 1971-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த 3270 வரிசை டெர்மினல்களைத்தான். அவற்றில் பரவலாகப் புழங்கிய வகையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், ஆக மொத்தம் 1,920 எழுத்துகள். மெயின்ஃபிரேம் ஒரு பக்கத்தை அனுப்பும், டெர்மினல் காட்டும். காலிக் கட்டங்களை நிரப்பி என்டர் தட்டினால் நிரப்பியது திரும்பிப் போகும். கோப்பை வாங்கி வைத்துக்கொள்ள டெர்மினலில் வட்டு ஏது?

எனவே பி.சி.தான் இறங்கிவர வேண்டியிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த டி.சி.ஏ. நிறுவனம் 'இர்மா' என்றொரு அட்டையை விற்றது. பி.சி.க்குள் அதைச் செருகி டெர்மினலின் கோஆக்சியல் கேபிளை மாட்டினால், மெயின்ஃபிரேமின் கண்ணுக்கு பி.சி. ஒரு சாதாரண டெர்மினல். இந்தப் பாவனைக்குத்தான் டெர்மினல் எமுலேஷன் என்று பெயர். 1983 அக்டோபரில் ஐ.பி.எம்.மே '3270 பி.சி.' என்ற இயந்திரத்தை அறிவித்தது. கோப்புகளை அனுப்பவும் வாங்கவும் அதற்கென வந்த நிரல்தான் 'இண்ட்$ஃபைல்'. பெயரின் நடுவே டாலர் குறி உண்டு.

அது வேலை செய்யும் விதம் கொஞ்சம் குறும்பானது. பி.சி.யில் 'அனுப்பு' என்றதும், ஆள் உட்கார்ந்து தட்டுவதுபோல எமுலேட்டரே கர்சர் நிற்கும் இடத்தில் நிரலின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டி என்டர் அழுத்துகிறது. மெயின்ஃபிரேமில் இருக்கும் நிரல் விழித்துக்கொள்கிறது. தொடக்ககால முறையில், இரண்டும் கோப்பைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் திரைப் பக்கமாக மாற்றிப் பரிமாறிக்கொண்டன. தன்னிடம் வந்த பக்கத்தை எமுலேட்டர் கண்ணில் காட்டுவதற்குப் பதில் வட்டில் எழுதிக்கொண்டது. மெயின்ஃபிரேமைப் பொறுத்தவரை யாரோ ஒருவர் அசாத்திய வேகத்தில் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கட்டளை திரையில் தட்டப்படுவதால் ஒரு நிபந்தனையும் உண்டு. மெயின்ஃபிரேமில் கட்டளைகளை வாங்கும் டி.எஸ்.ஓ. என்ற சூழல் 'ரெடி' என்று காத்திருக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும். ஏதாவதொரு மெனுவின் நடுவே கர்சர் நின்றால் கட்டளை அந்தக் கட்டத்துக்குள் போய் விழும், கோப்பு நகராது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் வேறு வழி கண்டது. அங்கே டெக்-20 இயந்திரத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த வட்டு இடம் சொற்பம். கோப்புகளை ஃபிளாப்பியில் எடுத்துப்போக வழி தேவைப்பட்டது. ஐ.பி.எம். மெயின்ஃபிரேமோடும் பேசியாக வேண்டும். டெர்மினல் தடங்களோ கட்டுப்பாட்டு எழுத்துகளை வழியிலேயே விழுங்கிவிடும். 1981-இல் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் எழுதிய நெறிமுறை, தகவலை அச்சில் தெரியும் எழுத்துகளாக மாற்றிச் சிறு பொட்டலங்களாக அனுப்பியது. கூட்டுத்தொகை சரிபார்த்து, பழுதானதை மறுபடி கேட்டு வாங்கியது. சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்த மப்பெட் தவளையின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கெர்மிட்.

கோப்பு முழுசாக வந்து சேர்ந்துவிட்டது என்பதால் பிரச்சினை தீர்ந்துவிடாது. பி.சி. பயன்படுத்துவது ஆஸ்கி குறியீடு, ஐ.பி.எம். மெயின்ஃபிரேமுக்கு எப்சிடிக். ஆங்கிலப் பெரிய 'ஏ' ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. எப்சிடிக்கில் வெற்றிடத்துக்கு உரிய 64, ஆஸ்கியில் @ குறி. மாற்றாமல் இறக்கிய கோப்பை பி.சி.யில் திறந்தால் @ குறிகள் மழையாகக் கொட்டும்.

சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்றால் அங்கேதான் ஆபத்து. கோபோல் மொழியில் எழுதிய மெயின்ஃபிரேம் நிரல்கள் பணத்தை 'பேக்டு டெசிமல்' முறையில் வைப்பது வழக்கம்: ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறி. 12,345 என்ற தொகை மூன்றே பைட்டில் அடங்கிவிடும். மூன்றாவது பைட்டில் இருப்பது 5-உம் நேர்க்குறியும். அதையே எழுத்தாக வாசித்தால் எப்சிடிக்கில் அது நட்சத்திரக் குறி. மாற்றும் நிரல் அப்படித்தான் வாசிக்கும். கடமை தவறாமல் ஆஸ்கி நட்சத்திரத்தை அங்கே வைக்கும். இப்போது அதே பைட்டை இலக்கமாகப் படித்தால் 5 இருந்த இடத்தில் 2, பக்கத்தில் செல்லுபடியாகும் இன்னொரு நேர்க்குறி! பிழைச் செய்தி எதுவும் வராது. எழுத்து, எண் இரண்டும் கலந்த கோப்பை மெயின்ஃபிரேமிலேயே முழுக்க எழுத்தாக்கிவிட்டுப் பிறகு இறக்குவதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

இப்போது கோஆக்சியல் கேபிளின் இடத்தில் இணைய வழி இணைப்பு. பெரிய கோப்புகள் எஃப்.டி.பி. போன்ற வழிகளில் தானாகப் போகின்றன. ஆனாலும் வெளிநாட்டு வங்கிகளின் மெயின்ஃபிரேம் நிரல்களைச் சென்னையிலிருந்து பராமரிப்பவர் உட்பட, அவசரத்துக்கு ஒரு சிறு கோப்பை இறக்க வேண்டியவருக்கு எமுலேட்டர் மெனுவே கைக்கு எட்டும் வழி. தனி அனுமதி, தனிக் கடவுச்சொல் தேவையில்லை, திரைக்குள் நுழைந்த கணக்கே போதும்.

பிரிட்டனில் ஒரு சின்னத் திருகல். அங்கே புழங்கும் எப்சிடிக் அட்டவணையில் அமெரிக்க டாலர் குறியின் எண்ணில் உட்கார்ந்திருப்பது பவுண்ட் குறி. அதனால் லண்டன் அலுவலகத்தில் அதே நிரலை அழைக்க 'இண்ட்£ஃபைல்' என்று தட்ட வேண்டும். நிரலின் பெயரைத் திருத்திக்கொள்ளச் சில எமுலேட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டமே உண்டு.