மேக்னெட்டோடெலூரிக் முறை

மேக்னெட்டோடெலூரிக் முறை என்பது இயற்கையான மின்காந்த அலைகளைத் தரையில் அளந்து, நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறைகளின் மின்தடை எண்ணைக் கணிக்கும் புவி இயற்பியல் முறை ஆகும். சோவியத் ஒன்றியத்தின் ஆந்திரே டிகோனோவ் 1950-இலும், பிரான்சின் லூயி காக்னியார் 1953-இலும் இதன் அடிப்படையைத் தனித்தனியே வெளியிட்டனர். இதற்கு வெடி வைக்கவோ துளையிடவோ தேவையில்லை. சுமார் 1 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளை உலகெங்கும் வெட்டும் மின்னல்கள் தருகின்றன. அதற்குக் குறைந்தவை சூரியக் காற்று புவியின் காந்த மண்டலத்தைத் தாக்குவதால் எழுகின்றன.

அலைவு நேரம் கூடினால் அலை ஆழமாக இறங்கும். மின்தடை எண்ணை அலைவு நேரத்தால் (நொடிகளில்) பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 503-ஆல் பெருக்கினால் ஊடுருவும் ஆழம் மீட்டரில் கிடைக்கும். 1 நொடி அலை, 0.3 ஓம் மீட்டர் கொண்ட கடல்நீரில் சுமார் 275 மீட்டரும், 100 ஓம் மீட்டர் பாறையில் 5 கிலோமீட்டரும், 10,000 ஓம் மீட்டர் கொண்ட கெட்டிப் பாறையில் 50 கிலோமீட்டரும் செல்லும்.

தென்முனையில் உள்ள சிக்கல்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் அஞ்சுகிராமம் போன்ற ஊரில் இந்த வேறுபாடு கண்கூடு. அடியில் இருப்பது சார்னோகைட் வகை உருமாறிய பாறை. மின்சாரத்தை எளிதில் கடத்தாது. சில கிலோமீட்டரில் கடல். கடல்நீரில் ஓடும் மின்னோட்டம் கரையிலுள்ள காந்த அளவீட்டைத் திரித்துவிடும் என்பதால், கடலின் ஆழத்தையும் கணக்கில் சேர்த்தே தரவை விளக்க வேண்டும். இந்தியாவின் தென்முனையில் காணப்படும் காந்த முரண்பாடுகளுக்குப் பாக் நீரிணை வழியே மின்னோட்டம் குவிவது காரணமாகலாம் என்று 1970-களிலிருந்தே ஆய்வாளர்கள் விவாதித்து வருகின்றனர்.

காற்றும் தொல்லைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றில் மரவேர்கள் அசைந்தாலே காந்தச் சுருள்கள் அதிரும். எனவே அவற்றை மண்ணில் புதைத்து வைப்பர். முப்பந்தல் காற்றாலைகள், கூடங்குளம் அணுமின் நிலையம் ஆகியவற்றின் மின்தடங்கள் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைச் சேர்க்கின்றன. காய்ந்த மண்ணில் மின்முனைகளை உப்புநீர் ஊற்றி நனைக்காமல் நம்பகமான அளவு கிடைப்பது அரிது.

இவை எல்லாவற்றையும்விட நுட்பமான சிக்கல் வானில் இருக்கிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டி, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் பாயும் நடுக்கோட்டு மின்தாரை தென் தமிழகத்தின் மேலே செல்கிறது. அலைகள் பரந்த, சீரான மூலத்திலிருந்து வருகின்றன என்பதே இம்முறையின் அடிப்படை எடுகோள். ஒடுங்கிய மின்தாரை அதைக் குலைப்பதால், நீண்ட அலைவு நேரங்களில் இரவுப் பதிவுகளே பாதுகாப்பானவை. இப்பகுதியின் காந்த மாறுபாடுகளை 1850-களிலேயே ஜான் ஆலன் பிரௌன் திருவனந்தபுரத்திலும் அகத்தியமலை உச்சியிலும் பதிவு செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. இன்று திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையம் செயல்படுகிறது.

முடிவுகளை விளக்குதல்

ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் குப்பம் முதல் பழனி வரையிலான நெடுக்கோட்டில் இம்முறையில் ஆய்வு நடத்தியது. பழங்கண்டங்கள் மோதி ஒட்டிய தையல்களைத் தேடுவது இத்தகைய ஆய்வுகளின் முக்கிய நோக்கம். ஆனால் ஆழத்தில் நன்கு கடத்தும் பகுதி தெரிந்தால், அது உப்புநீரா, உருகிய பாறையா, கிராஃபைட்டா என்று மின்தடை எண் மட்டும் சொல்லாது. சிவகங்கையில் தோண்டியெடுக்கப்படும் கிராஃபைட், தென்னகப் பாறைகளில் அக்கனிமம் உண்டு என்பதற்குச் சான்று. ஆகவே நில அதிர்வு, ஈர்ப்புத் தரவுகளுடன் ஒப்பிட்ட பிறகே புவியியலாளர்கள் இவற்றுள் ஒன்றைத் தேர்கின்றனர்.