டிராக்டர் டிரெய்லரின் வில்லும் அச்சும்: பராமரிப்பும் சீர்திருத்தமும்

உழவுக்கென்று வாங்கப்படும் டிராக்டர், உழவு முடிந்த மாதங்களில் பாரவண்டி இழுக்கும் மாடாகவே உழைக்கிறது. நெல்லும் கரும்பும் எருவும் செங்கல்லும் அதன் பின்னால் கோக்கப்பட்ட டிரெய்லரிலேயே ஊர் விட்டு ஊர் போகின்றன. எனினும், எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும் நாளைத் தவறாமல் குறித்து வைக்கும் குடியானவர்களிற்கூட, டிரெய்லரின் அடியில் குனிந்து வில்லையும் அச்சையும் சோதிப்பவர் மிகச் சிலரே. வில் ஒடிந்த பிறகுதான் அதன் நினைவே வருகிறது.

இந்த அசட்டையால் நேரும் நஷ்டம் பட்டை மாற்றும் செலவோடு நிற்பதில்லை. பாரம் ஏற்றிய வண்டியில் ஒரு பக்கத்து வில் முறிந்தால் அச்சு இடம் பெயரும். சக்கரம் தொட்டியில் உரசும். வண்டி ரஸ்தாவின் நடுவிலோ வாய்க்காற் கரையிலோ சாய்ந்துவிடும். சுமையின் மேல் அமர்ந்து வரும் வேலையாட்களின் உயிரும், பின்னால் சைக்கிளில் வருபவரின் உயிரும் அந்த ஒரு பட்டையை நம்பியிருக்கின்றன. ஆகவே, வில்லின் அமைப்பையும் அதைப் பேணும் முறையையும் டிரெய்லர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது அவசியம்.

வில்லின் வேலை

கட்டைவண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேற்றுமை நம் கிராமங்களில் யாவரும் அறிந்ததே. கட்டைவண்டியில் பாதையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அச்சின் வழியே நேராகப் பாரின்மேல் மோதும். வில்வண்டியிலோ அந்த அதிர்ச்சியை எஃகுப் பட்டைகள் வளைந்து ஏற்றுக்கொள்கின்றன. டிராக்டர் டிரெய்லர்களிலும் இவ்விரு வகைகளும் உண்டு. இரண்டு சக்கர டிரெய்லர்கள் பலவற்றில் அச்சு சட்டத்தோடு நேராகப் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் டயரிலுள்ள காற்றே வில்லின் வேலையைச் செய்கிறது. நான்கு சக்கர டிரெய்லர்களில் பெரும்பாலும் பட்டை வில் உண்டு.

பட்டை வில்லில் மேலே நிற்பது தாய்ப்பட்டை. இதன் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்களாக அமைந்திருக்கும். இதன் கீழே வரவர நீளம் குறைந்த பட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். இவை எல்லாவற்றையும் நடுவில் ஊடுருவி நிற்பது சென்டர் போல்ட். வில்லை அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை யு போல்ட்டுகள். ஒரு முனைக் கண் சட்டத்தில் ஊசியால் மாட்டப்பட்டிருக்கும். மறு முனை ஷேக்கிள் என்னும் ஊஞ்சல் போன்ற தகடுகளில் தொங்கும். பாரம் ஏறும்போது வில் தட்டையாகி நீள்வதால், அந்த நீட்சிக்கு இடங்கொடுக்கவே ஷேக்கிள் வைக்கப்பட்டிருக்கிறது. துருவேறி ஷேக்கிள் அசையாமற் போனால், பட்டை நீள வழியின்றிக் கண்ணருகே விரிசல் காணும்.

பட்டைகள் நடுவில் ஒடிவதற்குக் காரணம் பெரும்பாலும் யு போல்ட்டின் தளர்ச்சியே. சென்டர் போல்ட்டுக்காகத் துளையிட்ட இடமே பட்டையில் மெலிவான இடம். யு போல்ட் இறுக்கமாய் இருக்கும்வரையில் அந்த இடம் வளையாமல் காக்கப்படுகிறது. அது தளர்ந்தவுடன் ஒவ்வொரு குலுக்கலிலும் துளையருகே பட்டை வளைந்து நிமிர்ந்து, நாளடைவில் முறிந்துவிடுகிறது. ஆகையால், ஒரு ஸ்பானரால் சில நிமிஷங்களில் செய்யக்கூடிய வேலையைச் செய்யாததே பல முறிவுகளுக்கு மூலம் எனலாம்.

கெடுதலின் அறிகுறிகள்

வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்தி, அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பார்க்கவேண்டும். ஒரு பக்கம் குறைந்திருந்தால் அப்பக்கத்து வில் தொய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பட்டைகள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்றல், பட்டைகளின் இடுக்கிலிருந்து சிவந்த துரு வடிதல், அச்சின்மேல் வில் அமரும் இடத்தில் புதிதாய்த் தேய்ந்து பளபளத்தல், ஒரு டயர் மட்டும் ஓரம் தேய்தல், நேர்ப்பாதையில் வண்டி ஒருபுறமாய் ஒதுங்கி ஓடுதல் ஆகியவை மற்ற அறிகுறிகள். இவற்றுள் கடைசியாகச் சொன்னது, சென்டர் போல்ட் அறுந்து அச்சு சற்றே பின்னுக்குப் போனதைக் குறிக்கக்கூடும். அவ்வண்டியில் பாரம் ஏற்றலாகாது.

பராமரிக்கும் முறை

சுமை ஏற்றும் ஒவ்வொரு நாளும் டயர்களின் காற்று, சக்கர நட்டுகள், இழுவைக் கொக்கியின் ஊசியும் அதன் பூட்டும் ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். காற்றின் அளவு டயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கண்ணால் மதிப்பிடுவது போதாது. ஓட்டம் முடிந்து நிறுத்தியவுடன் நான்கு குடங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். மற்றவற்றினும் மிகுதியாய்ச் சுடும் குடத்தில் பேரிங் கெடத் தொடங்கியிருக்கிறது.

மாதம் ஒரு முறை, சுமை மிகுந்த பருவத்தில் இரு முறை, கிரீஸ் நிப்பிள் உள்ள ஊசிகளிலெல்லாம் பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதிய கிரீஸ் செலுத்தவேண்டும். யு போல்ட்டின் நான்கு நட்டுகளையும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கவேண்டும். புதிதாகப் போட்ட யு போல்ட்டும் புதிய சக்கர நட்டும் முதல் பாரம் கண்டபின் சற்றுத் தளரும். ஆகவே முதல் நடை முடிந்ததும் மீண்டும் இறுக்குவது கட்டாயம்.

வருஷத்துக்கு ஒரு முறை, கரும்பு வெட்டு அல்லது நெல் அறுவடை தொடங்குமுன், சக்கரங்களைக் கழற்றிப் பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திச் சோதிக்கவேண்டும். உருளைகளில் குழியோ நீல நிறமோ கண்டால், அவை ஓடும் கிண்ணத்தோடு சேர்த்தே மாற்றவேண்டும். புதிய கிரீஸ் அடைத்து, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே அச்சு நட்டை இறுக்கி, பின் சிறிது தளர்த்தி, ஆட்டமின்றியும் இலகுவாகவும் சக்கரம் சுழலும் நிலையில் புதிய பின்னை இட்டு மடக்கவேண்டும். பழைய பின்னை மறுபடி பயன்படுத்துவது சிக்கனமன்று.

இவ்வேலைகளில் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் புகலாகாது. மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சட்டத்தின் கீழ்க் கனத்த மரத்துண்டுகளை அடுக்கிய பிறகே வேலை தொடங்கவேண்டும். தொட்டி தூக்கும் டிரெய்லரானால், தூக்கிய தொட்டிக்குக் கட்டாயம் முட்டு நிறுத்தவேண்டும்.

பட்டை கூட்டுவது தகுமா?

வில் தொய்ந்தவுடன் மேலும் ஒரு பட்டை சேர்த்துவிட்டால் இன்னும் ஒரு டன் ஏற்றலாம் என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. இதைச் சற்று ஆராய்வது நலம்.

ஒரே அகலமும் கனமும் உள்ள ஆறு பட்டைகளோடு ஏழாவதாக ஒன்று சேர்த்தால் வில்லின் விறைப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். கனம் மிகுந்த பட்டைகளைப் போட்டாலோ விறைப்பு மிக விரைவாக ஏறும். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டை வைத்தால் அப்பட்டையின் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. கனத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப விறைப்பு வளர்வதே காரணம். ஆகவே வில்லைப் பலப்படுத்துவது கடினமன்று.

ஆயினும், வில்லின் பலம் கூடியதால் அச்சின் பலம் கூடிவிடுவதில்லை. பேரிங், டயர், சக்கர நட்டு, இழுவைக் கொக்கி, பிரேக் ஆகிய யாவும் பழைய அளவிலேயே இருக்கின்றன. தொய்ந்த வில் ‘பாரம் மிகுந்தது’ என்று கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பட்டை கூட்டியதும் அந்த எச்சரிக்கை மறைந்துவிடுகிறது. வண்டி நிமிர்ந்து நிற்கிறது. அச்சோ முறியும் தறுவாயில் இருக்கிறது. மென்மையான மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் 475-ஆவது குறளில் உரைத்ததற்கு, கரும்பு ஏற்றிய டிரெய்லர் தக்க சாட்சியாகும். மேலும், விறைப்பு மிகுந்த வில் காலி வண்டியில் வளையவே மாட்டாது. அப்போது அதிர்ச்சி முழுவதும் சட்டத்துக்கும் பற்றவைத்த மூட்டுகளுக்கும் போய்ச் சேரும். தக்காளி, வாழை முதலிய மென்சரக்குகள் நசுங்கும்.

எனவே, வில் மாற்றுவதென்றால் வண்டி செய்தவர் குறித்த அளவிலேயே மாற்றவேண்டும். ஒரு பக்கம் ஒடிந்தாலும் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை; புதிய வில்லும் தொய்ந்த வில்லும் ஓர் அச்சில் இருந்தால் வண்டி ஒருக்களித்து ஓடும். தொட்டி தூக்கும் டிரெய்லரில் இந்தச் சாய்வு, தூக்கும் சமயத்தில் வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும். ஒடிந்த பட்டையைப் பற்றவைத்து ஓட்டுவது பெருந்தவறு. பற்றவைக்கும் சூட்டில் எஃகின் பதம் போய்விடுவதால் அடுத்த ஒடிவு அதனருகிலேயே நேரும். உலையில் காய்ச்சி வளைவு கொடுத்த பட்டையும், முறைப்படி பதம் ஏற்றப்படாவிட்டால், சில நடைகளிலேயே பழையபடி தொய்ந்துவிடும்.

பயனுள்ள சீர்திருத்தங்கள்

பாரத்தைக் கூட்டாமல் வண்டியின் ஆயுளைக் கூட்டும் சீர்திருத்தங்கள் சில உண்டு. அமெரிக்கா முதலிய தேசங்களில், உல்லாசப் பிரயாணம் செய்வோர் மோட்டார் காரின் பின்னால் தங்கும் அறைபோன்ற டிரெய்லரை இழுத்துச் செல்கின்றனர். அவ்வண்டிகளிலும் நம் டிரெய்லரைப் போன்ற பட்டை வில்களே மிகுதி. அவற்றின் கண்களில் பிளாஸ்டிக் புஷ்கள் இருந்தால் அவை விரைவில் தேய்ந்து, ஊசி இரும்போடு உரசத் தொடங்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் அவற்றை நீக்கி வெண்கலப் புஷ்களையும், நடுவே துளையிட்டுக் கிரீஸ் ஏற்றக்கூடிய ஊசிகளையும், கனத்த ஷேக்கிள் தகடுகளையும் பொருத்துகின்றனர். இந்த ஏற்பாடு நம் வண்டிகளுக்கும் முற்றும் பொருந்தும். செலவு சொற்பம், பலன் பல வருஷங்களுக்கு நிற்கும்.

வில்லின்மேல் இருக்கும் அச்சை வில்லின் கீழே மாற்றி வண்டியை உயர்த்துவதும் அத்தேசங்களில் வழக்கம். இதில் இரண்டு கேடுகள் உண்டு. உயரம் கூடுவதால் வண்டி எளிதில் கவிழும். அன்றியும், நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்யப்பட்ட அச்சைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் டயர்களின் உள்ளோரம் தேய்ந்துபோகும். நெல்மூட்டையும் வைக்கோலும் உயர அடுக்கும் நமக்கு இம்மாறுதல் வேண்டுவதன்று.

வில்லில்லாத இரண்டு சக்கர டிரெய்லருக்கு வில் அமைக்க விரும்புவோர், தொட்டி எத்தனை உயரும் என்பதை முதலில் கணக்கிடவேண்டும். பின்புறம் உயர்ந்து கொக்கி பழைய உயரத்திலேயே இருந்தால் தொட்டி முன்புறம் சரியும்; பாரமும் முன்னே நகரும். ஆகையால் இவ்வேலையைத் தேர்ந்த பட்டறையில் மட்டுமே செய்விக்கவேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது; டிரெய்லரும் அச்சட்டப்படி மோட்டார் வாகனமே என்பது மறக்கத்தக்கதன்று.

பாரம் வைக்கும் இடம்

வில் எவ்வளவு நல்லதாயினும் பாரம் தவறான இடத்தில் இருந்தால் பயனில்லை. இரண்டு சக்கர டிரெய்லரில் கொக்கிக்கும் அச்சுக்கும் 3 மீட்டர் தூரம் என்றும், சரக்கு 3,000 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். சரக்கின் நடுப்பாரம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், கொக்கியின்மேல் 300 கிலோ அழுந்தும். அதே சரக்கு அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் போனால், கொக்கியை 200 கிலோ அளவுக்கு மேலே தூக்கப் பார்க்கும். அப்போது டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையை இறுகப் பற்றா. சரிவில் பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிக்கொண்டு போகும். ஆதலால் கனமான மூட்டைகளை அடியிலும், அச்சுக்குச் சற்று முன்னாலும் வைத்து, இருபுறமும் சமமாகப் பரப்பி ஏற்றவேண்டும்.

அளவு மீறிய பாரத்துக்குச் சட்டத்தின் தண்டனையும் இலேசானதன்று. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்க இடமுண்டு. இத்தொகையில் ஒரு ஜோடி வில்லும், யு போல்ட்டுகளும், புஷ்களும் வாங்கிப் பொருத்திவிடலாம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கிராம அதிகாரிகளின் பங்கு

வண்டி வைத்திருப்போரின் முயற்சியோடு கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஒத்துழைத்தால் பலன் இரட்டிக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாகக் களத்துமேட்டில் ஊர் டிரெய்லர்கள் அனைத்தையும் ஒரு நாள் நிறுத்தி, தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு வில்லும் கொக்கியும் பார்க்கச் செய்யலாம். மதகுகளின் அருகே விழுந்த பள்ளங்களைக் கப்பியிட்டு மூடுவதும், பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லாத வண்டிகளை இரவில் ஓடவிடாது தடுப்பதும் அவர்களால் எளிதில் இயலும்.

பெரும் பொருட்செலவோ நுட்பமான கருவியோ இவற்றுக்குத் தேவையில்லை. ஒரு ஸ்பானர், ஒரு கிரீஸ் கன், ஓர் அளவு நாடா, மாதம் ஒரு நாழிகைப் பொழுது ஆகியவை போதும். இவ்வருஷ அறுவடைக்கு முதல் பாரம் ஏற்றுமுன், ஒவ்வொரு குடியானவரும் தம் டிரெய்லரின் அடியில் ஒரு முறை குனிந்து யு போல்ட்டில் ஸ்பானரை வைத்துப் பார்ப்பாராக.